புதைந்தால்தான் பிழைக்கும் புல்

மூன்று வருடமாகக் கடற்கரை மணலில் புல் நட்டுக்கொண்டிருக்கிறேன். இதைச் சொன்னதும் யாராக இருந்தாலும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: மணலில் புல் எப்படி வளரும், வளர்ந்து என்ன ஆகப்போகிறது? முதல் கேள்விக்கு ஆரம்பத்தில் எனக்கே பதில் தெரியாது, அதனால்தான் முதல் வருடம் நட்டதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றேன். எப்படிக் கொன்றேன் என்று சொன்னாலே இந்தப் புல்லைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் ஏழெட்டுப் பேர், விடுமுறை நாள்களில் மட்டும் வேலை. கரையோர மணல்மேடு ஒன்று நடுவில் பிளந்துபோய், காற்றடிக்கும்போதெல்லாம் அந்தப் பிளவு வழியாக மணல் உள்ளே ஓடிவந்து சாலையில் படிந்துகொண்டிருந்தது. அதை அடைக்க வேண்டும். கடற்கரை மணலில் படரும் இராவணன் மீசைப் புல்லின் ஓடுதண்டுகளை வெட்டிக் கரணை போட்டு, பைகளில் வேர்விட வைத்து, பச்சைப்பசேலென்று இருநூறு நாற்று தயார் செய்திருந்தோம். எங்கே நடுவது என்று வந்தபோது எல்லோருக்கும் ஒரே யோசனை: செடிக்கு ஈரம் வேண்டும், ஈரம் அலைப்பக்கம்தான் இருக்கிறது, ஆகவே அலைப்பக்கம். கயிறு பிடித்து நேர்வரிசையில் நட்டோம். படமெல்லாம் எடுத்துக்கொண்டோம். அடுத்து வந்த பௌர்ணமி ஓதத்தில், கடல் பொங்கி ஏறியபோது, முன்வரிசை மூன்றும் போய்விட்டன.

சரி, மிச்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று இருந்தோம். அப்புறம் காற்று வலுத்தது. இலை நுனி மட்டும் தெரிகிற அளவுக்கு மணல் வந்து மூடியது. எங்களுக்கு மனசு கேட்கவில்லை. வாரம் தவறாமல் போய், ஒவ்வொரு செடியையும் சுற்றிக் கையால் தோண்டி, மணலை வாரி வெளியே எறிந்து, குழந்தைக்கு முகம் துடைத்துவிடுவது போல இலைகளைத் தட்டித் துடைத்துவிட்டு வந்தோம். இரண்டு மாதத்தில் எல்லாம் பழுத்துக் காய்ந்தன. ஓரத்தில் நட்ட பதினைந்து செடிகளை மட்டும் யாரும் கவனிக்கவில்லை, சோம்பேறித்தனம்தான் காரணம், அந்தப் பக்கம் நடந்து போவதற்குக் கால் வலிக்கும். அந்தப் பதினைந்தும் மணலுக்குள் முழுசாகக் காணாமல் போயிருந்தன. இனி அங்கே ஒன்றும் இல்லை என்று விட்ட இடத்தில், மழைக்குப் பிறகு ஊசி ஊசியாகப் புது இலைகள் குத்திக்கொண்டு வெளியே வந்தன.

ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். மூடிய மணலுக்குள் ஒவ்வொரு கணுவிலும் புது வேர் இறங்கியிருந்தது. நாங்கள் வாரி எறிந்தது அதற்கு வேண்டிய மணலை!

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். செய்துவிட்டுப் படிப்பது என் பழக்கம், தலைகீழாக இருந்திருந்தால் இருநூறு நாற்று தப்பித்திருக்கும்.

காற்று மணலைப் பறக்கவிடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பறப்பது தூசிதான், மணல் குதிக்கிறது. ஒரு பருக்கை எகிறிக் கொஞ்ச தூரம் போய் விழுகிறது, விழுகிற வேகத்தில் கீழே கிடக்கிற நாலைந்து பருக்கைகளை எத்தி விடுகிறது, அவை எகிறி இன்னும் சிலவற்றை எத்துகின்றன. லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்த ரால்ஃப் பாக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், திரும்பிப் போய்க் காற்றுச் சுரங்கம் கட்டி இதை அளந்தார், 1941-ல் புத்தகமாகவும் போட்டார். அவர் கண்டுபிடித்ததில் எனக்குப் பிடித்த விஷயம் இது: காற்று எவ்வளவு மணலைச் சுமக்கும் என்பது, காற்றின் வேகத்துக்கு ஏறக்குறைய மும்மடியாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காற்றின் வேகத்தைத் தரைக்குப் பக்கத்தில் பாதியாகக் குறைத்துவிட்டால், சுமந்து வந்த மணலில் பெரும்பகுதியைக் காற்று அங்கேயே போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இன்னொன்று, குதிக்கிற மணலில் பெரும்பங்கு முழங்கால் உயரத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. ஆகவே மரம் தேவையில்லை, சுவர் தேவையில்லை, முழங்கால் உயரப் புல் போதும்.

அது மட்டும் என்றால் ஒரு தட்டி கட்டினாலும் நடக்கும். நடக்கிறது, ஆனால் தட்டி ஒரு முறை புதைந்ததும் அதன் கதை முடிந்தது. புல் புதைந்தால் மேலே வருகிறது. மறுபடி காற்றைத் தடுக்கிறது, மறுபடி மணல் விழுகிறது, மறுபடி மேலே வருகிறது. ஐரோப்பியக் கரைகளின் மாரம் புல் வருடத்துக்கு ஒரு மீட்டர் வரை மணல் ஏறினாலும் அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். நல்ல மணல்மேடு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே பழைய தண்டுகளும் வேர்களும் மாடி மாடியாக இருக்கும், ஒவ்வொரு மாடியும் ஒரு பருவத்தில் அது புதைந்து எழுந்த உயரம்.

விசித்திரம் என்னவென்றால், மணல் வருவது நின்றுபோனால் மாரம் புல் நோஞ்சானாகிவிடுகிறது. முன்பெல்லாம் இதற்கு வயசாகிவிட்டது, சத்து தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1993-ல் வேறொரு காரணத்தைக் காட்டினார்கள். ஒரே மணலில் இருக்க இருக்க, அந்தப் புல்லின் வேரைத் தின்னும் நூற்புழுக்களும் பூஞ்சைகளும் அங்கே பெருகிவிடுகின்றன. கடற்கரையிலிருந்து புதிதாக வந்து விழும் மணலில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு முறை புதையும்போதும் புல் நோய் பிடித்த பழைய வேரைக் கீழே விட்டுவிட்டு, சுத்தமான மணலில் புது வேர் இறக்கிக்கொள்கிறது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களைப் போல.

நம் இராவணன் மீசைக்கும் இதே நோய்க் கதைதானா என்பது வேறு விஷயம், புதைந்தால் பிழைக்கும் என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புல் நடுகிறவர்களில் பலர் இதைப் பெரிதாக அளந்துவிடுகிறார்கள். புல் அலையை நிறுத்தாது. புயல் நேரத்தில் மேட்டின் அடியில் அலை வந்து அறைந்தால், மேல் வேரோடு சேர்ந்து முகப்பு பாளம் பாளமாகச் சரிந்து விழும், பார்த்திருக்கிறேன். மணல்மேட்டைச் சுவர் என்று நினைத்தால் அன்றைக்கு ஏமாந்துதான் போவோம். அது நெல் கொட்டி வைக்கும் குதிர் மாதிரி. நல்ல நாளில் நிரப்பி வைக்கிறோம், கெட்ட நாளில் கடல் வந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டு போன மணலைக் கொஞ்ச தூரத்தில் நீருக்கடியில் திட்டாகப் போடுகிறது, அடுத்து வரும் அலைகள் அந்தத் திட்டிலேயே உடைந்து பலம் இழக்கின்றன. கடல் அமைதியானதும் அந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திரும்புகிறது, காய்கிறது, காற்று அதை உள்ளே தள்ளுகிறது, புல் இருந்தால் பிடித்து மறுபடி குதிரில் நிரப்புகிறது. புல்லின் வேலை நிரப்புவது. 2012-ல் சாண்டி புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையைத் தாக்கியபோது, வருடக்கணக்காக வேலியும் புல்லும் வைத்து அகலமான மணல்மேடு சேர்த்து வைத்திருந்த ஊர்களில் வீடுகள் பெரும்பாலும் தப்பின, மேடு இல்லாத பக்கத்து ஊர்களில் சாலையெல்லாம் மணலும் உடைந்த பலகையுமாகக் கிடந்தது. அந்த மேடுகள் பலவும் புயலில் கரைந்துபோயின. கரைந்ததால்தான் காப்பாற்றின.

நிரப்புவதற்கு மணல் வர வேண்டுமே? அணைகளில் ஆற்று மணல் தேங்கிவிட்ட இடங்களில், அலைதடுப்புச் சுவர் கட்டிக் கரையோர மணல் ஓட்டத்தை மறித்த இடங்களில், கரை தேய்ந்துகொண்டே போகும். அங்கே போய்ப் புல் நடுவது காலிக் குதிருக்குப் பூட்டுப் போடுவதுதான். எங்களை ஒரு முறை அப்படிப்பட்ட ஓரிடத்துக்குக் கூப்பிட்டார்கள், அரிப்பு முகத்திலிருந்து பத்தடி தள்ளி நடச் சொன்னார்கள், நாங்களும் ஆசையில் நட்டோம். ஒரு வருடத்தில் பத்தடியும் இல்லை.

எந்தப் புல் என்பதைப் பற்றி இப்போது. அந்தந்தக் கரையில் தானாக இருக்கிற புல் என்பதுதான் என் பதில், இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. காரணம் சொந்த மண் பாசமெல்லாம் இல்லை. மாரம் புல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் அது கரையைக் கட்டிக் காத்த புல். 1860-களின் கடைசியில் அதை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள், பிறகு பசிபிக் கரை நெடுகிலும் நட்டார்கள். நன்றாகத்தான் பிடித்தது, ரொம்பவே நன்றாக. தாழ்வாக, திறந்தவெளியாக இருந்த மணல்வெளிகள் செங்குத்தான உயர்ந்த வரப்புகளாக மாறின. திறந்த மணலில் முட்டையிடும் வெண்ணிற உப்புக்கொத்திப் பறவைகளுக்கு இடமில்லாமல் போனது. இப்போது அதே புல்லைப் பிடுங்குவதற்கு இயந்திரம் கொண்டுவருகிறார்கள். நியூசிலாந்திலும் இதே புல், மாவோரி மக்கள் இலையை எடுத்துப் பின்னல் வேலை செய்யும் பீங்காவோ கோரையைப் பல கரைகளிலிருந்து ஓரங்கட்டிவிட்டது. ஒவ்வொரு புல்லும் தன் உருவத்துக்கு ஏற்றபடி மேட்டை வடிக்கிறது. அடர்ந்து தூர் கட்டும் புல் உயரமாகக் கூம்பிய மேடு போடும், ஓடிப் படரும் புல் அகலமாக, சாய்வாகப் போடும். அந்த வடிவத்துக்குப் பழகித்தான் ஆமையும் நண்டும் பறவையும் அங்கே வாழ்கின்றன. புல்லை மாற்றினால் நிலத்தையே மாற்றின மாதிரி.

சவுக்கு நட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. உயரக் காற்றைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் அது உதிர்க்கும் ஊசி இலை மெத்தையாகப் படிந்து கீழே எதையும் முளைக்கவிடுவதில்லை, அலை அரித்தால் வேரோடு சாய்கிறது. ஃபுளோரிடாவில் அது அந்நியக் களை, ஆமைகள் ஏறி முட்டையிடுவதற்கும் இடைஞ்சல். மேட்டுக்குப் பின்னால் தள்ளி நிற்கட்டும், முகப்பில் வேண்டாம்.

பிடுங்காதே என்று சட்டம் போட்ட கதைகள் பழையவை. ஸ்காட்லாந்தில் கல்பின் என்ற பண்ணை நிலம் 1694-ல் மணற்புயலில் மூழ்கியது. கூரை வேயவும் பின்னவும் கரையோர மாரம் புல்லைப் பிடுங்கி எடுத்ததும் ஒரு காரணம் என்றார்கள். அடுத்த வருடமே, 1695-ல், பாராளுமன்றம் மணல்மேட்டுப் புல்லைப் பிடுங்கத் தடை போட்டது. டென்மார்க்கில் ஸ்காகென் ஊர்த் தேவாலயத்தை மணல் மூடிக்கொண்டே வந்து, மக்கள் வாசலைத் தோண்டித் தோண்டி உள்ளே போய்ப் பார்த்து, கடைசியில் 1795-ல் கைவிட்டார்கள். இன்றைக்கும் அதன் கோபுரம் மட்டும் மணலுக்கு மேலே நிற்கிறது. ஃபுளோரிடாவில் கடல் ஓட்ஸ் புல்லின் கதிரை அழகுக்காகப் பறித்தாலும் குற்றம்.

சரி, செய்முறை. இராவணன் மீசையை ஓடுதண்டிலிருந்து எடுப்பதுதான் சுலபம். பட்டுப்போன பழைய தண்டு வேண்டாம், இளசான நுனியும் வேண்டாம், நடுப்பகுதியில் இரண்டு மூன்று கணு இருக்கிற மாதிரி கரணை வெட்டுங்கள். ஒரே தூரில் மொத்தமும் வெட்டினால் தாய்மேடு திறந்துகொள்ளும், இங்கொன்று அங்கொன்றாக எடுங்கள். அந்த நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள். கையுறை கட்டாயம், அந்த இலை நுனி தோலுக்குள் போய் உடைந்துகொள்ளும், எனக்கு ஒரு விரல் ஒரு வாரம் வீங்கியிருந்தது. பையில் நல்ல எருவும் செம்மண்ணும் போட்டு வளர்த்தால் செடி கொழுகொழுவென்று வரும், கரையில் கொண்டுபோய் நட்டதும் பொத்தென்று சாயும். எங்கள் முதல் இருநூறு அப்படிக் கொழுத்தவைதான். இப்போது முக்காலுக்கு மேல் மணல்தான் போடுகிறோம், நடுவதற்கு முன் சில வாரம் நிழலை எடுத்துவிட்டுத் தண்ணீரையும் குறைத்துக் காய வைக்கிறோம்.

நடும்போது ஆழம்தான் உயிர். கரணையின் மூன்றில் இரண்டு பங்கு மணலுக்குள் போக வேண்டும். மேல்மணல் நெருப்பாகச் சுட்டாலும் ஒரு முழம் தோண்டினால் உள்ளே ஈரம் இருக்கும், வேர் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். அமெரிக்கக் கடற்கரைப் புல்லுக்கும் அங்கே சொல்லும் கணக்கு கிட்டத்தட்ட இதுதான்: குழி 20 சென்டிமீட்டர் ஆழம், குழிக்கு இரண்டு தண்டு, குழிக்குக் குழி 45 சென்டிமீட்டர். நேர்வரிசை வேண்டாம். வரிசைக்கு நடுவில் காற்றுக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி நடுங்கள். ஓதம் ஏறி நிற்கும் கோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி நடுங்கள். எங்களைப் போல ஈரத்தைத் துரத்திக்கொண்டு அலைக்குப் போகாதீர்கள். எங்களைப் போன்ற சூடான கரைகளில் மழை தொடங்கும் சமயம் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை, குளிர் நாடுகளில் புல் உறங்கும் மாதங்களில் நடுகிறார்கள்.

உரம் பற்றிச் சண்டை உண்டு. ஆரம்பத்தில் கொஞ்சம் தழைச்சத்து கொடுத்தால் சீக்கிரம் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் தொடர்ந்து கொடுத்தால் உள்நாட்டுக் களைகள் வந்து உட்கார்ந்துவிடும். மணலின் வறுமைதான் இந்தப் புல்லுக்குக் காவல். வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் வேண்டிய சத்தைத் தேடிக் கொடுக்கும், அவற்றின் இழைகள் மணல் பருக்கைகளையும் கட்டிப் பிடிக்கும். அதற்காகத் தாய்மேட்டு மணலில் ஒரு கை எடுத்து நாற்றுப் பைகளில் கலக்கிறோம்.

நடுவில் அடும்பும் விடுங்கள். புல் இல்லைதான், ஆனால் கூட்டாளி. மான் குளம்பு மாதிரிப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக, புல்லுக்கு முன்னால் அலைப்பக்கம் ஓடிப் படரும். நெய்தல் பாட்டுகளில் வரும் அதே அடும்புதான். விதையின் தோல் கல் மாதிரி, ஒரு பக்கம் தேய்த்துவிட்டு ஊறவைத்தால் முளைக்கும்.

பிளவு பெரிதாக இருந்தால் முதல் வருடம் மிலாறு வேலி வேண்டும். காய்ந்த குச்சிகளைப் பாதிக்குப் பாதி இடைவெளி விட்டு நட வேண்டும். அடைத்துக் கட்டினால் காற்று மேலே எகிறிப் பின்னால் சுழன்று அடிமணலைத் தோண்டிவிடும், பாதி திறந்திருந்தால் வேகம் இழந்து மணலைப் போடும். ஆமை ஏறும் கரையாக இருந்தால் வேலியைத் துண்டு துண்டாக, வழி விட்டுக் கட்டுங்கள். மேடு உயர்ந்தால் ஆமைக்கும் லாபம், ஊர் விளக்கு வெளிச்சம் கரையில் விழாது, குஞ்சுகள் திசை மாறிப் போகாது.

இவ்வளவும் தாங்குகிற புல்லுக்குத் தாங்காதது ஒன்றே ஒன்று, மனிதக் கால். உப்பு, வெயில், புயல், புதைவது எல்லாம் பழக்கம், மிதிபடுவது பழக்கமில்லை. தண்டு மணலுக்கு ஒட்டிய இடத்தில் முறியும், பத்துப் பேர் ஒரே தடத்தில் நடந்தால் பாதை விழும், பாதை விழுந்தால் காற்று அதைக் கண்டுபிடித்துவிடும். நாங்கள் அடைக்கப் பார்த்த பிளவே அப்படி ஒரு குறுக்குவழியில் பிறந்ததுதான். போகாதே என்று பலகை வைத்தால் யாரும் கேட்பதில்லை, போவதற்கு இன்னொரு வழி செய்து கொடுத்தால் கேட்கிறார்கள். காற்றுக்கு நேராக இல்லாமல் சாய்த்து, வளைத்து ஒரு பலகைப் பாதை போட்டோம். அதற்குப் பிறகு குறுக்கே ஏறுபவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

மனிதக் கால்களை விட மோசம் சுத்தம். இரண்டாம் வருடம் ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால், கரையைச் சுத்தம் செய்ய வந்த இயந்திரம் மேட்டின் அடிவரை வாரிக்கொண்டு போயிருந்தது. எங்கள் அடும்பு முழுக்கக் குப்பையோடு குப்பையாகக் குவியலில் கிடந்தது. பிளாஸ்டிக்கை எடுக்கட்டும், நானே கும்பிடு போடுகிறேன். ஆனால் ஒதுங்கிய கடற்பாசியும் காய்ந்த சருகும் குப்பை இல்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் முதல் பிடி மணல் தங்குகிறது, அங்கே விழுந்த விதைக்கு அதுதான் எரு, புது மேடு பிறப்பதே அங்கேதான். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இரண்டு அலுவலகம் ஏறி இறங்கி, கடைசியில் இயந்திரம் ஓட்டும் அண்ணனிடமே போய்ச் சொன்னோம். "இதைப் போய் யாரு சொன்னா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றிலிருந்து நாங்கள் கொடி கட்டி நட்ட குச்சிக்கு இந்தப் பக்கம் அவர் வருவதே இல்லை.

இப்போது பிளவு பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. இடுப்பு உயரம் கட்டிய மிலாறு வேலி ஒரு சாண் மட்டும் வெளியே தெரிகிறது, அந்த ஒரு சாணையும் ஓடுதண்டுகள் தாண்டிக்கொண்டிருக்கின்றன.

போன மாதம் பூத்தது. சந்தோஷத்தில் படம் எடுத்து அனுப்பினேன், செடி தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. கரையில் காற்றடிக்கும்போது முள் பந்து மாதிரி உருண்டோடிப் போய் எங்கெங்கோ விதை போடுமே, அது பெண் செடியின் கதிர். எங்களுடையது அத்தனையும் ஆண். பிழைத்த பதினைந்திலிருந்துதான் மற்றதெல்லாம் கரணை போட்டோம், அந்தப் பதினைந்தும் ஒரே தூரிலிருந்து வந்திருக்கும் போல. மூன்று வருடமாக ஒரே செடியைத்தான் திரும்பத் திரும்ப நட்டிருக்கிறோம். ஒரு விதை வராது, ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும்.

கரையோடு வடக்கே நடந்தால் பழைய மேடு ஒன்று இருக்கிறது, அங்கே முள் பந்து உருண்டதைப் பார்த்த ஞாபகம். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் கையுறையோடு பெண் பார்க்கப் போகிறோம்.